வேலை செய்துகொண்டே கேட்க எளிதான கதை ஆடியோபுக்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

துணிமூட்டை கேட்டது:

துணி மடிப்பு, பாத்திரம், வீடு கூட்டுவது, சாயங்கால நடை. இந்த நேரத்துல காதுக்கு ஒரு கதை ஓடட்டும்னு ஆடியோபுக் போட்டா, பத்தாவது நிமிஷத்துல கதை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். நட்சத்திரம் அள்ளின நாவலா பார்த்துத்தான் எடுக்கறது. ஆனாலும் மூணாவது அத்தியாயத்துல "யாரு இந்த மாமா, எப்போ வந்தார்?"னு பின்னால ஓட்ட வேண்டியிருக்கு.

எந்த மாதிரிக் கதை எடுக்கணும்? எவ்வளவு நீளம்? வாசிக்கறவர் குரல்ல என்ன பார்க்கணும்? வேகத்தைக் கூட்டறதா குறைக்கறதா? ஆபீஸ்ல எக்செல் வேலை பார்க்கும்போதும் கேட்க முடியுமா? புத்தகத்தோட பேரை விட, எப்படிப் பொறுக்கறதுங்கற வழி சொன்னா நல்லது.

செவிச்செல்வம்:

நட்சத்திரத்தை விடுங்கள். அது கதை நன்றாக இருக்கிறதா என்று சொல்லும். இருபது விநாடி காதில் விழாமல் போனால் கதை தாங்குமா என்று சொல்லாது. உங்களுக்கு 'எளிது' என்றால் இந்த இரண்டாவதுதான். பாத்திரம் உருளும், அழைப்பு மணி அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள். ஓட்டை விழத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே புத்தகம் எடுக்க வேண்டும்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கை தானாகச் செய்யும் வேலை ஒரு வகை: மடிப்பது, தேய்ப்பது, பெருக்குவது, பழகிய பாதையில் நடப்பது. சொல்லோடு புழங்கும் வேலை இன்னொரு வகை: மெயில் எழுதுவது, படிப்பது, எண்களை மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் சரிபார்ப்பது. இரண்டாவதோடு கதை சேராது. பயிற்சியால் சரியாகிற விஷயமும் அல்ல. 1953இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு காதில் வரும் பேச்சை உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே நேரம் மறு காதில் வேறொரு பேச்சு ஓடும். மறு காதில் வந்தது ஆண் குரலா பெண் குரலா என்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கிட்டத்தட்ட எதுவுமே சொல்ல முடியவில்லை. நடுவில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. எக்செல் நெடுவரிசையை மனதுக்குள் வாசித்தபடி நாவல் கேட்டால் நாவல் அந்த மறு காது ஆகிவிடும். எக்செல்லில் வெறும் நிறம் போடுவது, வரிசை நகர்த்துவது என்றால் ஓட்டலாம். கூட்டல் சரிபார்ப்பு என்றால் நிறுத்திவிடுங்கள்.

இனி கதை. ஓட்டை தாங்கும் கதையை இப்படி அடையாளம் காணலாம். ஒரே ஆளைத் தொடர்ந்து போகும். காலம் முன்னோக்கி மட்டும் ஓடும். முக்கியமானவர்கள் நான்கைந்து பேரைத் தாண்ட மாட்டார்கள். ஒவ்வொரு காட்சியும் 'எங்கே, யார்' என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடும். அத்தியாயம் பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் முடியும்.

இதற்குத் தோதான சரக்கு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையாக வந்து பிறகு புத்தகமான நாவல்கள். ஒரு வாரம் கழித்து வரும் வாசகர் பாதியை மறந்திருப்பார் என்று எழுதியவருக்குத் தெரியும். அதனால் 'போன வாரம் கிணற்றடியில் பார்த்தோமே அந்தப் பெண்' என்று நினைவுபடுத்திக்கொண்டே போவார். அத்தியாயக் கடைசியில் கொக்கி போட்டு நிறுத்துவார். ஒரே மூச்சில் புத்தகமாகப் படிக்கிறவருக்கு இந்தத் திரும்பச் சொல்லல் அலுப்பு. கை ஈரமாக நிற்கிறவருக்கு அதுதான் உயிர்.

துப்பறியும் கதை, லேசான காதல் கதை, நகைச்சுவைச் சிறுகதைத் தொகுப்பு, எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான சாகச நாவல், இந்த நான்கிலிருந்து தொடங்கலாம். தவிர்க்க வேண்டியவை: அத்தியாயத்துக்கு ஒருவர் 'நான்' என்று பேசும் நாவல், இரண்டு காலம் மாறி மாறி வருவது, கடிதமும் நாட்குறிப்புமாக நகர்வது (தேதி ஒன்றைத் தவறவிட்டால் போச்சு), அச்சுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் வரைபடமோ வம்ச அட்டவணையோ போட்டிருப்பது. வாசகர் அடிக்கடி பின்னால் புரட்டுவார் என்று பதிப்பாளரே ஒப்புக்கொண்ட புத்தகம் அது.

சாம்பிள் கேட்கும் முறையும் முக்கியம். சோபாவில் உட்கார்ந்து கேட்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, உண்மையிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு மூன்று கேள்வி: யார் இருந்தார்கள், எங்கே, இப்போது யாருக்கு என்ன வேண்டும்? இரண்டுக்குப் பதில் வந்தால் எடுக்கலாம். முடிந்தால் முன்னுரையைத் தாண்டி மூன்றாவது அத்தியாயத்தில் சோதியுங்கள். தொடக்கத்தை எல்லோரும் தெளிவாகத்தான் எழுதுகிறார்கள், வாசிப்பவரும் அங்கே புத்துணர்ச்சியோடு இருப்பார்.

மெல்லினம்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தமிழில் கேட்பவர்களுக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'இல்லை' என்பதும் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். "அந்தக் கடிதத்தை அவள் அன்றிரவே எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம்" வரைக்கும் காதில் தெளிவாக விழுகிறது. அப்போது பார்த்துக் குழாய் சீறுகிறது. கொடுத்தாளா, கொடுக்கவில்லையா, கொடுப்பதாக இருந்தாளா? முழு வாக்கியமும் கேட்டும் கதை தலைகீழாகப் போய்விட்டது. கொடுத்தான், கொடுத்தாள் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி மெய்யில் மட்டும். அவள் என்ற சொல் முன்னால் இல்லாமல் வினை மட்டும் வரும் வாக்கியத்தில் ஆளே மாறிவிடும்.

ஆகவே குரலில் முதலில் பார்க்க வேண்டியது இனிமை அல்ல, வாக்கியக் கடைசி. மேடைப் பேச்சுப் பழக்கம் உள்ள சிலர் நடுவில் ஏற்றி முடிவில் மூச்சோடு இறக்குவார்கள். அறையில் அமைதியாகக் கேட்கும்போது அது அழகாகக்கூட இருக்கும். வேலைக்கு நடுவே உதவாது. சோதிக்கச் சுலபமான வழி: சத்தத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். வினைமுற்று ஒவ்வொன்றும் காதில் விழுந்தால் அந்தக் குரல் தேறும்.

அடுத்தது 'என்றான்'. யார் பேசியது என்பது பேச்சு முடிந்த பிறகுதான் தமிழில் வருகிறது. கண்ணுக்கு மேற்கோள்குறி இருக்கிறது, காதுக்கு இல்லை. இதை இரண்டு விஷயம் ஈடுகட்டும். ஒன்று, வாசிப்பவர் ஆளுக்கு ஆள் குரலை லேசாக மாற்றுவது. மிமிக்ரி வேண்டாம், ஒருவருக்கு நிதானம், ஒருவருக்கு வெடுக்கென்று, அவ்வளவு போதும். இன்னொன்று எழுத்தாளர் கையில்: விவரிப்பு எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் இருந்தால், "வந்துட்டியா?" என்ற முதல் சொல்லிலேயே இது பேச்சு என்று காது பிடித்துக்கொள்ளும். உரையாடலும் "வந்துவிட்டாயா?" என்று எழுத்து நடையிலேயே போகும் பழைய நாவல்களில் இந்த உதவி கிடைக்காது. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், சாயங்கால நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்துக்கு வேண்டாம்.

பெயர்களையும் பாருங்கள். மாலதி, மாலினி, மாதவி மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் அச்சில் சிரமமில்லை. காதில் முதல் அசைதான் பதியும்.

பல குரல் நடிப்பு, பின்னணி இசை, கதவுச் சத்தம் எல்லாம் போட்டுத் தயாரித்த ஒலி நாடகங்கள் பற்றி: யார் பேசுகிறார் என்பது உடனே தெரியும், அது நிஜமான லாபம். ஆனால் கிசுகிசுப்புக்கும் அலறலுக்கும் ஒலியளவில் பெரிய இடைவெளி. கிசுகிசு கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் இடி இடிக்கும். தவிர, கதையில் அழைப்பு மணி அடித்தால் நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போவீர்கள். என் ஓட்டு ஒற்றைக் குரலுக்கு.

குறுக்குவிசாரணை:

செவிச்செல்வம் துப்பறியும் கதையை ஒரே வரியில் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். ஆட்சேபம்.

துப்பறியும் கதையில் ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு புதிர். பங்களாவுக்குள்ள ஏழு பேர், ஒரு பிணம், கொலையாளி அந்த ஏழுல ஒருத்தர். இதுல துப்பை எழுத்தாளர் வேணும்னே அரை வாக்கியத்துல, தோட்டத்துப் பூவைப் பத்திப் பேசற இடத்துல ஒளிச்சு வைப்பார். கவனமா படிக்கறவரே தவறவிடணும்னு கட்டின பொறி அது. பாத்திரம் கழுவறவர் கதி என்ன? ஏழு பேரையும் ஞாபகம் வெச்சுக்கணும், யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தாங்கன்னும் ஞாபகம் வெச்சுக்கணும். இது எளிதான கதையே இல்லை.

இன்னொண்ணு தேடல் அல்லது துரத்தல். ஒரு ஆள், ஒரு காணாமல்போன பொருள், அடுத்து எங்கே போகணும். கேள்வி எப்பவும் 'அடுத்து என்ன', 'யார் செஞ்சது' இல்லை. இதுல ரெண்டு நிமிஷம் போனாலும் கதாநாயகன் அடுத்த ஊர்ல நிப்பான், நீங்களும் அங்கே போய்ச் சேர்ந்துக்கலாம். எடுத்தா இதை எடுங்க.

ஒரே துப்பறிவாளர் வர்ற வரிசை நாவல்னா ரெண்டாவது புத்தகத்துலேர்ந்து சுமை பாதி குறையும். அவர், அவரோட உதவியாளர், இன்ஸ்பெக்டர் எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச முகம். முதல் புத்தகத்தை மட்டும் நடை நேரத்துல கேளுங்க, மிச்சத்தை வீட்டு வேலைக்கு வைங்க.

பேய்க்கதை வேண்டாம். அது அமைதியை நம்பி எழுதினது. மிக்ஸி ஓடற வீட்டுல பேய் வராது.

செவிச்செல்வம்:

புதிர்க் கதைக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, துப்பறிவாளர் ஒவ்வொரு துப்பையும் எடுத்துச் சொல்லி முடிச்சை அவிழ்ப்பாரே, அது முழுக்கதையின் மறுஒலிபரப்புதான். நீங்கள் தவறவிட்ட அரை வாக்கியமும் அதில் வந்துவிடும். காதுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு பழையது: பிரிட்டனில் பார்வையற்றோருக்காக 1935இல் பேசும் புத்தகத் திட்டம் தொடங்கியபோது முதலில் தந்த புத்தகங்களில் ஒன்றே ஒரு கொலைப் புதிர் நாவல்தான்.

குறுக்குவிசாரணை:

சரி, இப்படி வெச்சுக்கலாம். யார்னு நீங்களே கண்டுபிடிக்கணும்னா அந்தப் புதிரைக் கையைக் கட்டிட்டுக் கேளுங்க. அவர் கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னா வேலையோட கேளுங்க. ஆனா அந்தக் கடைசி அத்தியாயம் வரும்போது பாத்திரத்தைக் கீழே வெச்சிடுங்க. அவங்க 1935ல கேட்டப்போ பக்கத்துல மிக்ஸி ஓடியிருக்காது.

பதினைந்துநொடி:

கதை, குரல் இரண்டும் சொல்லிவிட்டார்கள். கெடுவது பெரும்பாலும் மற்ற இடத்தில்.

நீளம்: தினம் நாற்பது நிமிடம் கேட்பவருக்கு ஆறு மணி நேரப் புத்தகம் ஒன்பது நாள். பத்து மணி நேரப் புத்தகம் பதினைந்து நாள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால் ஆள் அடையாளமே மறந்துவிடும். தொடங்கும்போது ஆறு மணி நேரத்துக்குள் பாருங்கள், அல்லது ஒவ்வொன்றும் இருபது முதல் நாற்பது நிமிடம் ஓடும் சிறுகதைகளாக. ஒரு மூட்டை துணிக்கு ஒரு கதை என்று கணக்கு சரியாக விழும்.

வேகம்: 1.25இல் பத்து மணி நேரம் எட்டாகும், 1.5இல் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறையும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சத்தமுள்ள இடத்தில் வேகம் கூடினால் முதலில் விழுங்கப்படுவது மெல்லினம் சொன்ன அந்த வாக்கியக் கடைசிதான். புதுப் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயம் 1.0, பெயர்கள் பதிந்த பிறகு 1.1 அல்லது 1.2. அதற்கு மேல் போனால் நகைச்சுவைக் கதையில் சிரிக்கவே இடைவெளி இருக்காது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: வாசிப்பவர் மிக நிதானமானவராக இருந்தால் அந்த இடைவெளிக்குள் உங்கள் மனம் நாளைய வேலைக்குப் போய்விடும். அவருக்கு 1.2 தான் மருந்து. வேகத்தைப் புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றுங்கள், ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள்.

பின்னால் ஓட்டும் பட்டன்: பின்னோக்கி 15 விநாடி, முன்னோக்கி 30 என்று வையுங்கள். பல செயலிகளில் நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது சில விநாடி தானாகப் பின்னால் போகும் வசதி இருக்கும், அமைப்புகளில் தேடி இயக்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி குறுக்கிடப்படுபவருக்கு இதைவிடப் பயனுள்ள பட்டன் கிடையாது.

இனி கேட்பவரைக் கடுப்பேற்றும் கோளாறுகள். பாட்டு கேட்கும் செயலியில் நாவலைப் போட்டால் ஷஃபிள் இயங்கிக்கொண்டிருக்கும். ஒன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு பதினேழாவது வரும். கதை புரியவில்லை என்று எழுத்தாளரைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு எம்பி3 கோப்பாக இறக்கினால் 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும் செயலிகள் உண்டு. கோப்புப் பெயரை 01, 02 என்று மாற்றினால் சரியாகும். விட்ட இடத்தைப் பாட்டுச் செயலி பெரும்பாலும் நினைவில் வைக்காது. ஆடியோபுக்குக்கென்றே உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். எம்4பி கோப்பு கிடைத்தால் நல்லது, முழுப் புத்தகமும் ஒரே கோப்பு, உள்ளே அத்தியாயக் குறி இருக்கும்.

ஆண்ட்ராய்டில் திரை அணைந்து சிறிது நேரத்தில் கதை நின்றுபோனால் புத்தகம் கெடவில்லை. பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியை மூடுகிறது. செயலித் தகவலுக்குள் போய் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

தொடு இயர்பட்ஸில் ஈர விரலோ காதோரத் துணியோ பட்டால் இரண்டு தட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவும். தொடுதலை அணைத்துவிடலாம், அல்லது 'அடுத்தது' என்ற கட்டளையை அத்தியாயத் தாவலுக்குப் பதில் 30 விநாடி முன்னோக்கி என்று செயலியில் மாற்றலாம்.

ஒரு காதில் மட்டும் மாட்டுகிறீர்களா? போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவை இயக்குங்கள், இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் வரும். இல்லாவிட்டால் ஸ்டீரியோவில் பதிவான நாடகத்தில் வலப்பக்கம் நிற்பவர் பேசுவதே கேட்காது. சாலையில் நடக்கும்போது இந்த ஒற்றைக் காது ஏற்பாடுதான் சரி. சாலையைக் கடக்கும்போது அதையும் நிறுத்துங்கள்.

துணிமூட்டை:

நிறைய கிடைச்சுது, எல்லாருக்கும் நன்றி. ஷஃபிள் விஷயத்தைப் பார்த்தேன், ஒண்ணும் சொல்றதுக்கில்லை. இன்னும் ரெண்டு கேள்வி. இலவசமா கிடைக்கற மின்னூலை போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாமா? அப்புறம், மிக்ஸி, வாக்குவம் கிளீனர் ஓடும்போது சத்தத்தை எவ்வளவு கூட்டலாம்?

மெல்லினம்:

கேட்கலாம், ஆனால் எல்லா நாவலும் தாங்காது. தமிழில் ஒரே 'க' சொல்லுக்கேற்ப மூன்று மாதிரி ஒலிக்கும். 'ப', 'த', 'ட' ஆகியவற்றின் ஒலியும் இடத்துக்கேற்ப மாறும். தமிழ்ச் சொற்களுக்கு விதி இருப்பதால் இயந்திரம் ஓரளவு சமாளிக்கும். பிறமொழிச் சொல்லில் விதி கைகொடுக்காது. 'பஸ்', 'பாபு', 'டாக்சி' என்று நிறைய வரும் நகரத்துக் கதைகளில் வினோதமான உச்சரிப்பு வரலாம். எம்.ஏ., டி.எஸ்.பி. போன்ற சுருக்கங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் வாக்கியம் முடிந்ததுபோல நின்று போகும் குரல்களும் உண்டு.

எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்பதால் உரையாடல் நிறைந்த கதை வேண்டாம். 'நான்' என்று ஒருவரே சொல்லிப்போகும் கதை நன்றாக ஓடும். காட்சி மாற்றத்துக்கு அச்சில் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள். இயந்திரம் அதைச் 'நட்சத்திரக்குறி' என்று மும்முறை சொல்லும், அல்லது நிற்காமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதை வாசிக்காது. எழுத்தைத் தேர்வு செய்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வாசிக்கும்.

மனிதக் குரலே இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. 2005இலிருந்து தன்னார்வலர்கள் காப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து ஏற்றுகிறார்கள். ஆங்கிலம்தான் மிகுதி. அங்கே அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்த பதிவுகளும் உண்டு, ஒருவரே முழுதும் வாசித்தவையும் உண்டு. வேலைக்கு நடுவே கேட்க 'தனிக்குரல்' என்று குறித்ததை எடுங்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறினால் கதாபாத்திரமே மாறியதுபோல் இருக்கும்.

பதினைந்துநொடி:

வாக்குவம் ஓடும்போது சத்தத்தைக் கூட்டி ஜெயிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10. இரைச்சலை மீறிக் கூட்டிய சத்தத்தை வேலை முடிந்ததும் குறைக்க மறப்பதுதான் வழக்கமான தவறு.

காதுத் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் ரப்பர் முனை இயர்பட்ஸ் வெளிச் சத்தத்தைத் தானாகவே கொஞ்சம் தடுக்கும். சரியான அளவு முனையைப் போட்டால் குறைந்த வால்யூமிலேயே கேட்கும். இரைச்சல் நீக்கும் வசதி வாக்குவத்தின் சீரான ஊளையை நன்றாக அடக்கும். பாத்திரம் மோதும் சத்தத்தை அவ்வளவாக அடக்காது. காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் ஹெட்செட் நடைக்கு அருமை, காது திறந்திருக்கும். அதே காரணத்தால் மிக்ஸி பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

மிக்ஸி ஒரு நிமிடம்தானே ஓடும். கதையை நிறுத்தி வையுங்கள். வாக்குவத்துக்கு ஏற்கெனவே கேட்டு முடித்த நாவல் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். கொடுத்தாளா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.